கோலி கத்திய சொல்

நாங்கள் தில்லிக்கு வந்தது கால்பந்துக்காக அல்ல. தென்கரை உரக் கழகத்தின் தலைமை அலுவலகத்தைச் சென்னையிலிருந்து தில்லிக்கு மாற்றச் சொல்லி அமைச்சகம் உத்தரவு போட்டது. மேசைகள், கோப்புகள், தட்டச்சு இயந்திரங்கள் லாரியில் வந்தன. விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்திருந்த நாங்கள் பதினாலு பேர் ரயிலில் வந்தோம். 1979 ஆகஸ்ட். என் மனைவி தங்கம் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மஞ்சள் காமாலை. எனக்கு அப்போது கேரளத்தில் ஒரு போட்டி. தந்தி வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. நான் எழுத உட்கார்ந்தது ஜம்புவைப் பற்றி.

புதிதாக வரும் அணியைத் தில்லி லீக்கில் பி டிவிஷனில்தான் போடுவார்கள். சென்னையில் பத்து வருடமாக முதல் டிவிஷனில் ஆடியவர்கள் நாங்கள். இங்கே எங்களுக்கு ஒன்பது ஆட்டம். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அடுத்த வருடம் ஏ டிவிஷன். சென்னையில் சாதாரண ஆட்டத்துக்கே இரண்டாயிரம் பேர் வருவார்கள். தில்லி கேட் பக்கத்து மைதானத்தில் எங்கள் முதல் ஆட்டத்துக்கு வந்தவர்களை எண்ணிவிட முடிந்தது. அவர்களில் பாதிப் பேர் எதிர் அணியின் உறவுக்காரர்கள். பந்து எங்களிடம் வரும்போதெல்லாம் ஒருவன் "ஓய் இட்லி, ஜல்தி கர்" என்று கத்தினான். எங்கள் ஃபார்வர்டு அய்யாசாமி கோல் போட்டுவிட்டு அவன் முன்னால் போய் நின்று, "சட்னி வோணுமா நைனா?" என்று கேட்டான். அவனுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அன்று ஜெயித்தோம்.

தில்லியில் மோதி பாக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு நாலு பேராகத் தங்கியிருந்தோம். காலை ஆறு மணிக்குப் பயிற்சி. பத்தரைக்கு அலுவலகத்தில் கையெழுத்து. மூன்று மணிக்கு மறுபடி மைதானம். இடையில் நாங்கள் குமாஸ்தாக்கள். மற்றவர்களுக்கு அலுவலகத்தில் பெரிதாக வேலை எதுவும் கொடுக்க மாட்டார்கள். நான் பி.ஏ. ஆங்கிலம் எழுத வரும் என்பதால் எனக்கு மட்டும் கடிதங்கள் வரும்.

எங்கள் பழைய கோல்கீப்பர் சென்னையை விட்டு வர மறுத்துவிட்டான். அதனால் தில்லியிலேயே ஆள் தேடினோம். இருபது பேர் வந்த தேர்வில் ஜம்பு கிடைத்தான். லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ஏதோ அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீஸர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். ஜம்பு ஆறடி உயரம், நீளமான கைகள். பி.காம். இரண்டு தடவை எழுதித் தேறவில்லை. "இதுவும் போச்சுன்னா அப்பா என்னை ஆத்த விட்டுத் துரத்திடுவார்ணா" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அவன் வேலை தற்காலிகம். டிசம்பர் முப்பத்தொன்று வரை. அதற்குப் பிறகு நிரந்தரமா இல்லையா என்பது கோச் கொடுக்கும் ரிப்போர்ட்டைப் பொறுத்தது.

கோச் காத்தவராயன் மாஸ்டருக்கு ஜம்புவைப் பிடித்திருந்தது. "நம்ம பாஷ பேசற பையன். அத்த வச்சிக்கினு மத்தத கத்துக் குட்த்துடலாம்" என்றார்.

ஆனால் ஜம்பு பேசிய பாஷை முழுக்க எங்களுடையது அல்ல. வீட்டில் அம்மாவிடம் பேசும் தமிழ் ஒன்று அவனிடம் இருந்தது. அதற்கு வெளியே எல்லாமே அவனுக்கு ஹிந்திதான். யோசிப்பது ஹிந்தியில், திட்டுவது ஹிந்தியில். பந்து உயரமாக வரும்போது அவன் வாயில் வருவதும் ஹிந்திதான். "மேரா, சோட்!" என்பான். என்னுடையது, விட்டுவிடு என்று அர்த்தம். இதைக் கேட்டதும், கோலுக்கு முன்னால் தடுத்து ஆடும் ஸ்டாப்பரான நான் ஒதுங்க வேண்டும், அவன் வந்து பிடிப்பான். ஐந்து ஆட்டம் சரியாகவே போயிற்று.

ஆறாவது ஆட்டத்தில் எதிர் அணி ஃபார்வர்டு ஒருவன் என் முதுகுக்குப் பின்னால் வந்து, ஜம்புவின் குரலிலேயே "சோட்!" என்றான். நான் ஒதுங்கினேன். அவன் பந்தை எடுத்துப்போய்க் கோல் போட்டான். போகும்போது "தேங்க் யூ, மதராஸி பாயி" என்றும் சொன்னான்.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் எல்லாரையும் உட்கார வைத்தார்.

"இனிமே கிரவுண்டுல ஒரு வார்த்த ஹிந்தி கேட்டேன், அவன பெஞ்சுல ஒக்கார வச்சிடுவேன். இந்த ஊர்ல அவனுங்களுக்கு ஜனம் இருக்குது, ரெஃபரி தெரிஞ்சவன். நமக்கு இன்னா இருக்குது? பாஷதான் இருக்குது. அத்தயும் அவனுங்க பாஷயாவே கத்துனா?"

"பஞ்சாபிக்காரன் தமிழ் கத்துக்கினு வந்துட்டா மாஸ்டர்?" என்றான் அய்யாசாமி.

"அப்ப நான் ஜப்பான் பாஷ கத்துத் தரேன். நீ மூடு."

எல்லோரும் சிரித்தார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோல் போனது என் தவறும்தான். மே மாதத்துக்குப் பிறகு என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் பயிற்சிக்குத் தாமதமாக வந்தாலும், பாஸைத் தவறவிட்டாலும், யாராவது வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவன் அவன் கையைத் தொடுவான். அவன் வாயை மூடிக்கொள்வான். முதலில் இது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு நான் அதை எதிர்பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்த இரண்டு ஆட்டத்திலும் ஜம்பு எதுவும் கத்தாமலே வந்து பந்தைப் பிடித்தான். எட்டு ஆட்டம் முடிந்தபோது நாங்கள் இரண்டாவது இடத்தில் இருந்தோம். கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், டிரா செய்தாலே ஏ டிவிஷன்.

அந்த வாரம் பயிற்சி இல்லை. கல்யாண மாதம். நாங்கள் பயிற்சி செய்யும் மைதானத்தில் ஷாமியானா போட்டுவிட்டார்கள். நாலு நாள், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கல்யாணம்.

அந்த நாலு நாட்களில் ஒரு நாள், மதியம், ஜம்பு என் மேசைக்கு வந்தான். என் முன்னால் ஒரு படிவம் இருந்தது. தில்லியில் புது மருத்துவ அட்டை கொடுப்பதற்காக, ஊழியரைச் சார்ந்தவர்களின் பெயர், உறவு, வயது எழுதச் சொல்லியிருந்தார்கள். நாலு வரி. நான் அதைப் பார்த்தபடி அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, ஏக் மினிட். 'சோட்'டுக்குத் தமிழ்ல என்ன கத்தணும்?"

"விடு" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

"விடு. அவ்ளோதானா? ஆத்துல சொல்றாப்பலேயேவா?"

"அவ்ளோதான்."

"அச்சா. விடு, விடு" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். நான் படிவத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அகராதியில் அது சரியான பதில். மைதானத்தில் தவறு. வியாசர்பாடியில் நாங்கள் ஆடிப் பழகிய மைதானங்களில் 'விடு' என்பது 'உடு'. அப்படிக் கத்தினால் ஒரே அர்த்தம்தான். ஓங்கி அடி, பந்து வெளியே போகட்டும். 'ஒண்ணு உடுடா' என்பதன் மிச்சம் அது. எட்டு வயதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கால் தானாக வீசும். கோல்கீப்பர் பந்து கேட்டால் 'கோலி' என்பான். எங்கள் பழைய கீப்பர் ஏழு வருடம் அப்படித்தான் கத்தினான். ஜம்புவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு சொல்தான். எனக்கு அது தெரியாதா? தெரியும். என்னிடம் கேட்டவனை நான் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பழைய தில்லியைச் சேர்ந்த ஒரு கிளப். எண்பதாவது நிமிடம் வரை கோல் இல்லை. ஜம்பு மூன்று நிச்சயமான கோல்களைத் தடுத்திருந்தான். ஒருமுறை ஃபார்வர்டின் காலிலிருந்தே பந்தைப் பிடுங்கினான். வெளியே இருந்து யாரோ "ஷாபாஷ் கீப்பர்" என்றுகூடச் சொன்னார்கள். அந்த சீசனில் எங்களுக்குக் கிடைத்த முதல் ஷாபாஷ் அதுதான்.

வலது பக்கத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. வேகமே இல்லை. பிடிக்க வேண்டிய பந்து. ஜம்பு கோலை விட்டு வெளியே வந்தான். தெளிவாக, சத்தமாகக் கத்தினான்.

"விடு!"

என் கால் வீசியது. பந்து பூட்ஸின் ஓரத்தில் பட்டு, ஜம்புவின் நீட்டிய கைகளுக்கு மேலே எழும்பி, காலியான கோலுக்குள் இரண்டு முறை குதித்துப் போயிற்று. என் முட்டி அவன் வாயில் இடித்தது. அவன் தரையில் உட்கார்ந்து உதட்டைத் தொட்டுப் பார்த்தான். ரத்தம். பிறகு வலையில் கிடந்த பந்தைப் பார்த்தான். பிறகு என்னை. கோபம் இல்லை. புரியவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றுக்குப் பூஜ்யம். மூன்றாவது இடம்.

உடை மாற்றும் அறைக்குத் திரும்பினோம். மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு ஜம்புவின் முன்னால் நின்றார்.

"இன்னாடா கத்துன நீ?"

"விடுன்னேன் சார்."

"உடுன்னா?"

"விட்டுடு, நான் பிடிச்சுக்கறேன்னு."

"டேய், உடுன்னா அடிக்கச் சொல்றதுடா. கோலி கத்த வேண்டியது கோலின்னு. இது தெரியாம நீ கோல்ல நின்னுக்கினு இருந்தியா?"

அய்யாசாமி காலுறையைக் கழற்றிக்கொண்டே, "ஐயரு வூட்டுத் தமிழு மாஸ்டர். சாம்பார உடுன்ற மாதிரி உட்டுட்டான்" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தோற்ற அறையில் வரும் சிரிப்பு.

"எவன்டா உனுக்கு இத்த சொல்லிக் குட்த்தது?" என்றார் மாஸ்டர்.

நான் பூட்ஸ் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு. ஜம்பு என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நிமிராமலே தெரிந்தது.

"யாரும் இல்ல சார். நானாத்தான்" என்றான். உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் குழறின.

முடிச்சு அவிழ்ந்துவிட்டிருந்தது. நான் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் என்னிடம் வந்து என் தலையில் கை வைத்தார். "நீ ஒண்ணும் மன்சுல வச்சிக்காத கண்ணு. நீ இன்னா பண்ணுவ."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு என்ன போயிருக்கும் என்று பிறகு பலமுறை யோசித்தேன். ஒன்றும் போயிருக்காது. நான் நிரந்தர ஊழியன். மாஸ்டர் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பார். அய்யாசாமி ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பான். அவ்வளவுதான். அந்தத் திட்டைக்கூட வாங்க எனக்கு மனமில்லை. தலையில் வைத்த கை அங்கேயே இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் நிர்வாக அதிகாரி மகாதேவன், தற்காலிக ஆட்டக்காரர்களைப் பற்றி ரிப்போர்ட் கேட்டார். தற்காலிகம் ஜம்பு ஒருவன்தான். மாஸ்டருக்கு ஆங்கிலம் எழுத வராது. சென்னையிலிருந்தே அவருடைய ரிப்போர்ட்டுகளை நான்தான் எழுதுவேன். அவர் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், அவர் தமிழில் கையெழுத்துப் போடுவார்.

என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் அவர் கோபம் ஆறிப்போயிருந்தது.

"நல்ல பையன்தான். கை நல்ல கை. ஆனா மேல இருக்கறவங்க இன்னாத்துக்குத் தோத்தோம்னு கேக்கறாங்களே. ஏதோ ஒண்ணு சொல்லணும் இல்ல?" கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்தார். "நம்ம பசங்களோட பேச்சுல ஒத்துப் போவல, இன்னும் ஒரு வருசம் பாக்கலாம்னு எய்து. சொல்ற மாதிரி சொல்லு. உனுக்குத்தான் தெரியுமே."

எனக்குத் தெரியும். இரண்டு வாக்கியம் எழுதினேன். கடைசி ஆட்டத்தின் தோல்விக்கு கோல்கீப்பரின் தவறான அழைப்பே நேர்க் காரணம் என்பது ஒன்று. மைதானத்தில் சக ஆட்டக்காரர்கள் அவருடைய சொல்லை நம்பி ஆட இயலாது என்பது இன்னொன்று. நல்ல ஆங்கிலம். நடுவில் ஓர் அரைப்புள்ளி சரியான இடத்தில் விழுந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரு திருப்தி வந்ததும் நினைவிருக்கிறது. 'இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்' என்பதை நான் எழுதவில்லை. அதை ஏன் விட்டேன் என்று கேட்டால், அவன் இன்னும் ஒரு வருடம் என் பின்னால் கோலில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஒரு வருசம்னு போட்டுட்டியா?" என்றார் மாஸ்டர்.

"போட்டுட்டேன்."

கையெழுத்துப் போட்டார்.

இருபதாம் தேதி உத்தரவு வந்தது. நீட்டிப்பு இல்லை. முப்பத்தொன்று வரை காத்திருக்காமல் ஜம்பு மறுநாளே ஜெர்சியையும் கையுறைகளையும் கொண்டுவந்து கொடுத்தான். துவைத்து, இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் சுற்றியிருந்தான். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். அய்யாசாமி அவன் முதுகில் தட்டி, "வேற டீமுக்குப் போனா எங்கள பாத்து 'சோட்'னு கத்தாத, பயந்துருவோம்" என்றான். ஜம்பு சிரித்தான். உதட்டில் தையல் போட்ட தழும்பு இருந்தது. கடைசியாக என் மேசைக்கு வந்தான்.

"வரேன்ணா. உடம்பப் பாத்துக்கோங்கோ. சரியா சாப்பிடறதே இல்ல நீங்க."

மற்றவர்களைப் போல அவனும் என்னிடம் மெதுவான குரலில் பேசினான். அவன் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. உடை மாற்றும் அறையில் அவன் பார்த்தது ஸ்டாப்பரை அல்ல. மனைவியை இழந்தவனைப் பார்த்திருக்கிறான். தங்கம் இறந்ததை வைத்து நான் ஒருவனுடைய வேலையைப் பறித்திருக்கிறேன். இதை வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

மறுநாள் மகாதேவனின் அறைக்குப் போனேன். சொல்லைக் கற்றுக்கொடுத்தது நான், கோல் போட்டது நான், ரிப்போர்ட்டில் மாஸ்டர் சொன்னதை மாற்றி எழுதியதும் நான் என்று சொன்னேன். எழுதியும் கொண்டுபோயிருந்தேன். அவர் முழுவதும் கேட்டார். காகிதத்தை வாங்கிக்கொண்டார், படிக்கவில்லை.

"உக்காருங்க செல்வராஜ். டீ சொல்லட்டுமா?"

"வேணாம் சார்."

"ஒய்ஃப் தவறி எத்தனை மாசம் ஆச்சு?"

"ஏழு."

தலையை ஆட்டினார். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான். அண்ணி போனதுக்கு அப்புறம் வீட்டுல பால் பொங்கினாக்கூட தன்னாலதான்னுவார். ரெண்டு வருஷம் ஆச்சு சரியாக. எல்லாத்தையும் நீங்க தலையில தூக்கிப் போட்டுக்காதீங்க."

"இது அது இல்ல சார். நிஜமாவே நான்தான்."

"அப்படித்தான் தோணும்." என் காகிதத்தை நாலாக மடித்து, மேசைக்குக் கீழே இருந்த கூடையில் போட்டார். முரட்டுத்தனமாக அல்ல. குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி வைப்பது போல. "பதினஞ்சு நாள் லீவு எடுத்துட்டு ஊருக்குப் போய் வாங்க. நான் சாங்ஷன் பண்றேன்."

வெளியே வந்து நின்றேன். ஏழு மாதமாக நான் சேர்த்துவைத்த இரக்கம் அது. இப்போது நான் உண்மையைச் சொன்னாலும் மற்றவர்கள் காதில் அதுதான் விழுகிறது.

ஞாயிறு காலை லோதி ரோட்டுக்குப் பஸ் ஏறினேன். இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது ஜம்புவின் அம்மா ருக்கு. நான் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"செல்வராஜா? வாங்கோ, வாங்கோ. ஜம்பு வாய் ஓயாம உங்களப் பத்தித்தான் சொல்லுவான். ஒரு நாள் சாப்பிடக் கூட்டிண்டு வான்னு நானும் சொல்லிண்டே இருந்தேன். உக்காருங்கோ. பாவம், சின்ன வயசு."

அப்பா சேஷன் நாற்காலியில் ஹிந்தி செய்தித்தாளோடு இருந்தார். தலையசைத்தார். ஜம்பு உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அரே, அண்ணா" என்று வெளியே வந்து சுவரோரம் நின்றான். அப்பா இருக்கும்போது அவன் உட்காரவில்லை.

"நீங்களாவது சொல்லுங்கோ," என்றார் சேஷன். "இவனுக்குத் தமிழும் வரலே, ஹிந்தியிலயும் எழுத வரலே, பி.காமும் வரலே. பந்து ஒண்ணு வரும்னு நெனச்சேன். ஒரு வார்த்தையத் தப்பாக் கத்தி வேலைய விட்டுட்டு வந்து நிக்கறான். ஆபீஸ்ல கேக்கறவாகிட்ட நான் என்ன சொல்ல? என் பிள்ளைக்குத் தாய்பாஷை தெரியலேன்னா?"

ருக்கு காபி கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

"சார், அவன் தப்பாக் கத்தலை. அந்த வார்த்தைய அவனுக்குச் சொல்லிக் குடுத்தது நான். அவன் கேட்டான், நான் கவனிக்காமச் சொன்னேன். ரூம்ல கோச் கேட்டப்ப அவன் என்னக் காட்டிக் குடுக்கலை. நானும் வாயத் திறக்கலை."

சேஷன் மகனைப் பார்த்தார். "தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லலே?"

ஜம்பு தரையைப் பார்த்தான். "அண்ணா ஏற்கெனவே… சோடியே அப்பா. எதுக்கு இப்போ."

"இன்னும் இருக்கு," என்றேன். "ரிப்போர்ட் எழுதினதும் நான்தான். கோச் இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு எழுதச் சொன்னார். நான் அதை எழுதலை. எழுதிட்டேன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன்."

ஜம்பு நிமிர்ந்தான். இது அவனுக்குத் தெரியாது. சுவரோரத்திலிருந்து நகர்ந்தான். "கோச்தான் அப்படி எழுதினார்னு நெனச்சேன்" என்றான். என்னிடம் சொன்னது போல இல்லை. அண்ணா என்ற சொல் அதில் இல்லை.

அவன் பால்கனிக்குப் போய்விட்டான்.

சேஷன் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். எழுந்து அலமாரியிலிருந்து ஃபுல்ஸ்கேப் காகிதமும் கார்பனும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். காபி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"மேனேஜிங் டைரக்டர் பேருக்கு எழுதுங்கோ. மூணு காப்பி. அந்த ரிப்போர்ட் ஃபைல்ல இருக்கற வரைக்கும் இவன் எங்க டிரயலுக்குப் போனாலும் அது பின்னாடியே வரும். எனக்கு இவன் வேலை திரும்ப வரணும்னுகூட இல்ல. ஃபைல்ல அதுக்கு மேல இது இருக்கணும்."

எழுதினேன். பத்து நிமிடம் ஆயிற்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"'துரதிர்ஷ்டவசமாக ஒரு தவறு நேர்ந்துவிட்டது.' தானாவே நேர்ந்துதா?" பேனாவால் அந்த வரியை அடித்தார். "முப்பது வருஷமா டிராஃப்ட் பாக்கறேன் மிஸ்டர் செல்வராஜ். தப்பு பண்ணினவா எல்லாரும் இப்படித்தான் எழுதுவா. நான்னு ஆரம்பியுங்கோ. ஒவ்வொரு வாக்கியமும்."

மறுபடி எழுதினேன். அதிலும் மூன்று இடத்தில் அடித்தார். 'என் அப்போதைய மனநிலை காரணமாக' என்று ஒரு வரி இருந்தது. அதன் மேல் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நானே அதை அடித்தேன்.

மூன்றாவது தடவை ஏழு வாக்கியம் மிஞ்சியது. கையெழுத்துப் போட்டு, கீழே பதவியும் எழுதினேன். இதன் பேரில் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வரும். வந்தால் பதில் எழுதத் தெரியும்.

அடுக்களை வாசலிலேயே நின்றிருந்த ருக்கு கேட்டார், "என்ன எழுதியிருக்கார்? இங்கிலீஷ்னா எனக்கு என்ன புரியும். சொல்லுங்களேன்."

சேஷன் காகிதத்தை என்னிடம் நீட்டினார். "அவரே சொல்லட்டும்."

வாங்கினேன். ஆங்கிலத்தில் அதை எழுதிவிட முடிந்தது. முதல் வரியைத் தமிழில் யோசித்துப் பார்த்தேன். ருக்கு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். பால்கனியில் ஜம்புவின் முதுகு தெரிந்தது. அவனுக்கும் கேட்கும்.

"நான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் முகத்தில் இருந்த 'பாவம்' போய்விட்டது. மே மாதத்துக்குப் பிறகு என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"ம்," என்றார் ருக்கு. "அப்புறம்?"